தீர்த்தகிரியின் ஓட்டைகள்

விரிசலை அடைக்கச் சொன்னால் எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு வைத்திருக்கிறாயே என்று பால்காரர் நாச்சிமுத்து பட்டறை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார், முதலாளி வையாபுரி கையில் அகப்பட்ட ஸ்பானரோடு உள்ளேயிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார், தீர்த்தகிரி முகமூடியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு பேரில் யார் முதலில் அடிக்கப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான், அப்போதுதான் அலுமினியப் பால் கேனில் விழுந்த அந்த ஓட்டையிலிருந்து கடல் காற்று வீச ஆரம்பித்தது.

"ஏன்டா, நாஞ் சொன்னது என்ன, நீ பண்ணி வெச்சிருக்கறது என்..." என்று ஆரம்பித்த வையாபுரியின் முகத்தில் அது நேராக அடித்தது. அவர் கண்ணை மூடினார். ஸ்பானர் கையிலிருந்து நழுவியது. "அக்கட்ட நகரு," என்று தீர்த்தகிரியைத் தள்ளிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, கேனுக்கு எதிரில் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தார். நாச்சிமுத்துவும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். திட்ட வந்ததை இரண்டு பேரும் அன்றைக்கும் முடிக்கவில்லை, அதற்குப் பிறகும் முடிக்கவில்லை. தீர்த்தகிரியைப் பிடித்த சனி அதுதான்.

ஊர் பெயர் கல்லங்காடு. சேலம் பைபாஸ் ஓரத்தில், லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள் வரிசையாக இருக்கிற ஊர். மண்ணும் பாறை, வீடும் தகரம், வேலையும் இரும்பு என்பதால் சித்திரை மாதம் பிறந்தால் நிழல்கூடச் சுடும். அந்த ஊரில் கடலைப் பார்த்தவர்கள் லாரி டிரைவர்கள் மட்டும்தான், அவர்கள்தான் கேனுக்கு முன்னால் வந்து மூக்கை நீட்டி, இது தூத்துக்குடி, உப்பளம் தாண்டி வருகிற வாசம் என்று சொன்னார்கள். கேன் ஓட்டையில் கடல் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அடுத்தது எப்போது என்றுதான் கேட்டார்கள்.

அடுத்தது மறுநாளே விழுந்தது. ஏனென்றால் தீர்த்தகிரிக்கு அப்போது அலுமினியத்தில் ஆர்கான் வெல்டிங் வரவில்லை, வைத்த இடமெல்லாம் ஓட்டைதான். காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. கல்லங்காட்டில் எல்லோரும் இரும்புக்காரர்கள், இரும்பு சிவக்கும் வரை காத்திருந்தே கண் பழகியவர்கள், தீர்த்தகிரியும் சூட்டைக் கூட்டிக் குறைக்கக் காலடியில் இருந்த பெடலை அடிவரை அமுக்கிக்கொண்டு தகடு எப்போது சிவக்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பான், அலுமினியமோ சிவக்காது, ஒன்றும் சொல்லாது, வெள்ளையாகவே இருந்து சூட்டையெல்லாம் குடித்துவிட்டு ஒரே நொடியில் பொத்தென்று கீழே விழுந்துவிடும். விழுந்த இடத்தில் காற்று அடிக்கும். ஒரு ஓட்டையில் நாகப்பட்டினம் வரும், ஒரு ஓட்டையில் மழைக்கு முந்தின ராமேசுவரம் வரும், ஒன்றில் வெறும் கருவாட்டு வாசம் வந்தது, அதை மட்டும் யாரும் வாங்கவில்லை.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் டீக்கடைக்காரர் ஓட்டை விழுந்த தகடு ஒன்றை வாங்கி பாய்லருக்கு மேலே மாட்டினார், பிறகு சலூன்காரர் மாட்டினார், பிறகு கல்யாண மண்டபத்தில் மணவறைக்குப் பின்னால் மாட்டினார்கள், மாப்பிள்ளையின் மாலை பறந்து மாமனார் கழுத்தில் விழுந்து அது வேறு ஒரு பஞ்சாயத்து ஆனது, அதற்கப்புறம் பெண் வீட்டுக்காரர்கள் சீர்வரிசையில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஓட்டைத் தகடு ஒன்றும் சேர்த்து வைத்தார்கள், வைக்காத வீட்டைப் பற்றிப் பேசினார்கள். மாரியம்மன் கோயிலில் அம்மனுக்கு வேர்க்கிறது என்று ஒன்றை மாட்ட, விளக்கு நிற்காமல் அணைந்துகொண்டே இருந்தது, அம்மனுக்குக் காற்று முக்கியமா வெளிச்சம் முக்கியமா என்று இரண்டு தெரு பேசாமல் போனது. ஃபேன் விற்கிற கடைக்காரர் கடையை மூடிவிட்டு வெறும் தகட்டை வாங்கி வந்து வரிசையில் நின்றார். பள்ளிக்கூடத்தில் மாட்டியதும் பிள்ளைகள் தூங்கினார்கள், வாத்தியார்களும் தூங்கினார்கள், அந்த வருஷம் யாரும் யாரையும் அடிக்கவில்லை.

எந்தத் தகடும் நெடுநாள் வீசவில்லை. உப்பு பூத்துப் பூத்து ஓட்டை மெதுவாக அடைபடும், காற்று முனகும், நின்றுபோகும். பழைய தகட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி பட்டறைக்கு வருவார்கள். அதனால் தீர்த்தகிரிக்கு வேலை ஓயவே இல்லை. வையாபுரி பட்டறைப் பெயர்ப்பலகையில் லாரிப் படத்தை அழித்துவிட்டு அலை ஒன்றை வரையச் சொன்னார். வரைந்தவன் கடலைப் பார்த்ததில்லை, அது ஆட்டுக்கொம்பு மாதிரி இருந்தது.

"தம்பி கையில என்னமோ இருக்குது," என்று ஊர் சொன்னது.

கையில் ஒன்றும் இல்லை என்பது தீர்த்தகிரிக்குத் தெரியும். இருக்க வேண்டியது இல்லாததால்தான் ஓட்டை விழுகிறது. பதினோராம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அவனிடம் பெரிய காரணம் எதுவும் கிடையாது, பிடிக்கவில்லை, விட்டான், ஆனால் பட்டறைக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. பைபாஸில் பஞ்சர் ஆகி நின்ற வெளியூர் டேங்கர் ஒன்றின் வயிற்றில் அலுமினிய வெல்டிங் தையல் ஒன்றைப் பார்த்திருந்தான், இழுத்து வாரிப் பின்னின சடை மாதிரி, ஒரு பின்னல்கூடப் பிசகாமல், வண்டியின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை. அதன் மேல் விரலை வைத்துக்கொண்டே நடந்து போனான், டிரைவர் கத்துகிற வரை நடந்தான். அப்படி ஒன்றைத் தன் கையால் போட வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது, அதை மட்டும் இந்த ஊரில் யாரும் கேட்கவில்லை.

"ண்ணா, அந்த ரேடியேட்டர் தொட்டி வந்திருக்குதுல்ல, அதை நான் ஒட்டிப் பாக்கட்டுங்களா?"

"எதுக்கு?"

"பழகோணும்ல."

வையாபுரி சிரித்தார். "நீ எதுக்குடா பழகோணும்? பழகாம இருக்கற வரைக்குந்தான் உனக்கும் சோறு, எனக்கும் சோறு." சிரித்துக்கொண்டே போய், மூலையில் இருந்த, ஒட்டும்போது உருக்கிச் சேர்க்கிற ஃபில்லர் கம்பிகளையெல்லாம் கட்டாகக் கட்டி பீரோவில் வைத்துப் பூட்டினார். ஓட்டை போடுகிறவனுக்குக் கம்பி எதற்கு?

பக்கத்துக் கடை ரேடியேட்டர் கடை. ரஹமத் பானு அதை நடத்தினாள், தீர்த்தகிரியை விட ஒரு வயது பெரியவள், பித்தளைக்கு ஈயம் வைப்பதில் கெட்டிக்காரி, ஆர்கான் பிடிக்கத் தெரியாது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவாள். வையாபுரி மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு வருகிற நேரத்தில், அவள் கடை அலுமினியக் கழிவுத் துண்டுகளை வாங்கி வந்து, கம்பிக்கும் அதிலேயே மெல்லிசாகக் கத்தரித்துக்கொண்டு, தீர்த்தகிரி திருட்டுத்தனமாகப் பழகினான். திருட்டுத்தனம் பலிக்கவில்லை. ஒவ்வொரு முறை பிசகும்போதும் ஓட்டை விழும், ஓட்டை விழுந்ததும் காற்று அடிக்கும், காற்று அடித்ததும் தெருவே மூக்கைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடும் நாற்காலிகளோடும் வந்து உட்கார்ந்துவிடும். சாக்கைப் போட்டு மூடினான், சாக்கு பறந்து புளியமரத்தில் மாட்டிக்கொண்டது. உலகத்தில் வேறு எவன் வெல்டிங் பழகும்போது தப்புப் பண்ணினாலும் அது அவனுக்கும் தகட்டுக்கும் தெரியும், இவன் தப்புப் பண்ணினால் ஊருக்கே குளிரும்.

"உன் கைய நான் பாக்கல," என்றாள் ரஹமத் ஒரு நாள், கறுப்புக் கண்ணாடித் துண்டை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு. "உன் காலப் பாத்தேன். மெஷினுக்கு முன்னாடி உக்காந்தா, பஸ்ஸ விட்டுருவமோன்னு ஓடறவன் மாதிரி அமுக்கற. எங்கடா போற?"

"சிவக்கட்டும்னு பாக்கறேன்."

"அது சிவக்காதுடா லூசு."

"அது எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுட்டு எதுக்கு வெயிட் பண்ற?"

அவனுக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தோடு உட்கார்ந்து, சிவப்பைத் தேடாமல், தகட்டையே பார்த்தான். பார்த்தால், உருகுகிற இடம் முதலில் மங்கலாக வியர்க்கிறது, அப்புறம் ஒரு சொட்டுக் குட்டை மாதிரி பளிச்சென்று ஈரமாகிறது, அந்த ஈரம் வந்த நொடியில் கம்பியைத் தொட்டு எடுக்க வேண்டும், எடுத்ததும் நகர வேண்டும், நகர நகரத் தகடு முழுக்கச் சூடேறிக்கொண்டே போவதால் காலை முதலில் அமுக்கின அளவுக்கு அமுக்காமல் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். வெல்டிங் டார்ச்சின் முனையில் இருக்கிற டங்ஸ்டன் ஊசி குட்டையைத் தொட்டால் கறுப்பாகிவிடும், நிறுத்திவிட்டு ஊசியை மறுபடி சாணை பிடிக்க வேண்டும், வேறு வழி கிடையாது, சோம்பேறித்தனம் பண்ணினால் மறுபடி கறுப்புதான். தகட்டின் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கிறது, உள்ளே உருகிப்போனாலும் அந்தத் தோல் உருகாமல் ஏமாற்றும், அதைத் தேய்த்து எடுக்க ஒரு ஸ்டீல் பிரஷ்ஷை இரும்பைத் தொடவிடாமல் தனியாக ஒளித்து வைத்தான். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு ஓட்டை சொன்னது.

ஒரு மதியம் விரல் நீளத்துக்கு ஒரு தையல் வந்தது. கோணல்தான், ஒரு பக்கம் வீங்கியிருந்தது, அழகு என்று எவனும் சொல்லமாட்டான். ஆனால் காற்று அடிக்கவில்லை. தகரக் கூரைக்குக் கீழே அனல் அப்படியே நின்றது, வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, எரிந்தது. தெருவில் ஒருத்தரும் எழுந்து வரவில்லை. தீர்த்தகிரி அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"பொணம் மாதிரி வேர்க்குது, என்னடா சிரிப்பு?" என்றாள் ரஹமத்.

"பொணத்துக்கு வேர்க்காது. பாரு இத."

அவள் இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தாள், தகடு வளைந்தது, தையல் விடவில்லை. "ம்," என்றாள். அந்த ஒரு எழுத்தை அவன் அன்றைக்கு முழுக்க வைத்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஓட்டைகள் குறைந்தன. வேண்டுமென்றே போட்டாலும் சரியாக விழவில்லை, விழுந்தாலும் அதில் காற்று வரவில்லை, வெறும் ஓட்டையாக, அந்தப் பக்கத்துச் சுவர் தெரிகிற ஓட்டையாக இருந்தது. தெரியாமல் விழுவதில்தான் கடல் இருந்தது போல. ஊருக்குச் சந்தேகம் வந்தது. தீர்த்தகிரிக்கு உடம்பு சரியில்லை என்றார்கள், கண் பட்டிருக்கிறது என்றார்கள், பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள், ரேடியேட்டர் கடைப் பெண்ணோடு சேர்ந்து கெட்டுப்போனான் என்றும் சொன்னார்கள்.

அவன் அம்மா மாதம்மாள் நூல் மில்லில் வேலை பார்ப்பவள், சுற்றி வளைக்கத் தெரியாதவள். சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சுவரில் மாட்டியிருந்த தகடு உப்புப் பூத்து முனகிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே தங்கச்சி வேர்க்குருவைச் சொறிந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"புள்ள முதுகப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஊருக்கே வேணுங்கற ஒண்ணு உங்கிட்ட இருக்குது. எத்தன பேருக்கு அப்படி அமையும் கண்ணு? அதப் பண்ணிட்டுப் போனா என்னடா?"

"அது நான் பண்றதில்லம்மா. எனக்குத் தெரியாததுதான் அது."

"அப்ப தெரியாமயே இரேன்."

சோற்றில் கையை வைத்தபடி அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உண்மையாகத்தான் கேட்டாள், அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. "உங்கூட ஸ்பின்னிங்ல இருக்கறவங்க, நீ நூல அறுத்துட்டே இரு மாதம்மா, அறுந்தாத்தான் எங்களுக்கு நல்லாருக்குதுன்னு சொன்னா நீ இருப்பியா?"

"குளுகுளுன்னு இருந்தா இருப்பேன்," என்றாள் மாதம்மாள், சட்டென்று சிரித்தும்விட்டாள், அவனும் சிரித்தான், ஆனால் பேச்சு அங்கேயே முறிந்தது.

வெயில் உச்சத்துக்கு வந்தபோது பேரூராட்சித் தலைவர் செங்கோட்டுவேல் ஒரு முடிவோடு வந்தார். சின்னச் சின்னத் தகடாக வீட்டுக்கு வீடு போதாது, பஸ் ஸ்டாண்டில் ஒரே பெரிய ஓட்டை, லாரிச் சக்கரம் அளவுக்கு, ஊர் முழுக்க ஒரே காற்று. அவ்வளவு அகலத் தகடு கடையில் இல்லாததால் இரண்டு தகடுகளை வாங்கி ஓரத்தோடு ஓரம் ஒட்டினாற்போல் மேடையில் கிடத்தியிருந்தார்கள், நடுக்கோட்டில் தீர்த்தகிரி ஓட்டையைப் போட வேண்டியது, விழுகிற ஓட்டை இரண்டையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பது தலைவரின் கணக்கு.

"என்னால முடியாதுங்க," என்றான் தீர்த்தகிரி. "இப்பல்லாம் எனக்கு ஓட்டை விழறதில்லைங்க."

தலைவர் கூட வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "என்ன தம்பி, பெரிய வித்தை மறந்து போச்சுங்கற மாதிரி சொல்ற? ஒரு அமுக்கு அமுக்கினா தானா வருது."

"காத்து வேணும்னா கடலுக்குப் போங்க. பஸ்ஸு இருக்குது."

சிரிப்பு நின்றது. வையாபுரி அவனைத் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனார். "நல்லாக் கேட்டுக்க. மெஷின் என்னுது, கேஸ் என்னுது. நாளைக்கு மேடையில ஓட்டை விழலைன்னா, நீ அப்படியே எறங்கிப் போயிட்டே இரு. பட்டறைப் பக்கம் உன் நிழலும் விழக்கூடாது. இந்த லைன்ல எவனும் உன் கையில டார்ச்சக் குடுக்க மாட்டான், நாம் பாத்துக்கறேன்."

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்க இடமில்லை. குடை பிடித்துக்கொண்டும் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டும் ஊர் வந்திருந்தது, எல்லோருக்கும் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடித் துண்டு கொடுத்திருந்தார்கள், கைக்குழந்தைகளைத் திருப்பி வைத்திருந்தார்கள், ஐஸ்காரர் ஒருத்தர் இன்னும் கொஞ்ச நேரத்தில் யாரும் வாங்கப்போவதில்லை என்று அவசர அவசரமாக விற்றுக்கொண்டிருந்தார். தீர்த்தகிரி மேடை ஏறினான். தின்னரில் நனைத்த துணியால் இரண்டு தகட்டின் ஓரங்களையும் துடைத்தான். பிரஷ்ஷை எடுத்து ஒரே திசையில் தேய்த்தான். ஊசியைச் சாணை பிடித்தான்.

"ஓட்டை போடறதுக்கு எதுக்குடா தொடைக்கற? பொண்ணா பாக்கப் போற?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

ரஹமத் முன்வரிசையில் இருந்தாள். அந்தத் தகடு வந்த அன்றே அதன் ஓரத்தில் நீண்டிருந்த மிச்சத்தை நூல் நூலாகக் கத்தரித்து வைத்திருந்தாள், கம்பி இல்லாதவனுக்கு அதே உலோகத்தில் கம்பி. மேடை ஓரமாக வந்து அந்தக் கம்பிகளை அவன் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

முகமூடியை இறக்கினான். பெடலில் காலை வைத்தான். வெளிச்சம் பிடித்ததும் ஊர் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போனது. தகடு மங்கியது, வியர்த்தது, ஈரமானது. கம்பியைத் தொட்டான், எடுத்தான், நகர்ந்தான். தொட்டான், எடுத்தான், நகர்ந்தான். மேடையின் ஒரு தலையிலிருந்து மறு தலையைப் பார்க்க அவன் போய்க்கொண்டிருந்தான், பின்னால் சடை நீண்டுகொண்டிருந்தது, காற்று வரவில்லை.

"என்னடா பண்றான்?"

"ஒட்டறான்டா! ஓட்டை போடச் சொன்னா ஒட்டறான்!"

சத்தம் எழுந்தது. தலைவர் மைக்கைப் பிடுங்கி, "தம்பி, அமுக்கு தம்பி," என்றார், ஒலிபெருக்கி அதை நாலு திசைக்கும் சொன்னது. யாரோ செருப்பை வீசினார்கள், அது எட்டவில்லை. அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது, "அமுக்குடா கண்ணு, புள்ளைக்கு மயக்கமா வருது." அந்தக் குரலுக்கு மட்டும் ஒரு பின்னல் வீங்கியது, அடுத்ததில் அவன் சரிசெய்துகொண்டான். சரிசெய்துகொண்டதற்காக அவனுக்கு அழுகையும் வந்தது, முகமூடிக்குள் அதை யாரும் பார்க்கவில்லை.

கடைசிச் சாண் வந்தபோது தகடு முழுக்கச் சூடேறியிருந்தது. ஓரம் என்பது அலுமினியத்தில் எப்போதுமே மோசமான இடம், சூடு போக வழியில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும், அங்கே பாதம் ஒரு நெல்மணி அளவு தாழ்ந்தால் போதும், ஓட்டைதான். அவனுக்குத் தெரியாதது என்று அந்தத் தகட்டில் மிச்சம் இருந்தது அந்த ஓரம் ஒன்றுதான், அவ்வளவு நீளத் தையலை அவன் அதுவரை முடித்ததே இல்லை. உருகிய குட்டைக்குக் கீழே அலைச் சத்தம் கேட்டது. பக்கத்தில், தகட்டின் தோலுக்கு அந்தப் பக்கம், ஒரு முழுக் கடல் வந்து முதுகைக் கொடுத்து முட்டிக்கொண்டு நின்றது, குட்டை மேல்நோக்கி லேசாகப் புடைத்தது, உப்பு வாசம் மெல்லிசாக முகமூடிக்குள் வந்தது. முன்வரிசையில் இருந்தவர்களுக்கும் அது எட்டியிருக்க வேண்டும். கத்தல் ஒரேயடியாக அடங்கியது. குடைகளை மடக்கிவிட்டு எல்லோரும் முகத்தை நீட்டினார்கள்.

வையாபுரி மேடையில் ஏறி அவன் காலடியில் குந்தி உட்கார்ந்தார். கும்பிடுகிறாரா மிரட்டுகிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார். "வந்துருச்சுடா. வாசம் வந்துருச்சு. அமுக்கு."

தீர்த்தகிரி காலைக் கொஞ்சம் தளர்த்தினான். இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். குட்டை சுருங்கியது, கம்பியால் கடைசியாக ஒரு சொட்டு வைத்தான்.

"அமுக்குடா," என்றார் வையாபுரி.

அவன் அமுக்கவில்லை.